டப்பாவில் இல்லாத ஐந்து குச்சிகள்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அதுபோலவே இருக்க வேண்டும். இந்தக் கடிதத்திலும் இதைத் தொடர்ந்து எழுதப்போகும் கடிதங்களிலும் வருபவை:

1. கேள்வி கேட்டபின் காத்திருப்பது.
2. கை தூக்கச் சொல்லாமல் குச்சி எடுப்பது.
3. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதிக் காட்டும் பலகை.
4. கடைசிப் படி விடுபட்ட கணக்கு.
5. இருவர் இருவராக வாசிப்பது.
6. வகுப்பு முடியும்போது வாசலில் வாங்கும் துண்டுச் சீட்டு.
7. மேலிடத்தோடு நடந்துகொள்வது.

நேற்று தொலைபேசியில் நீ பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மீதிப் பாதியில் நீ அழுதாயா, கத்தினாயா என்று தெரியவில்லை. "கத்தினா" என்கிறாள் அண்ணி. "நீங்களும்தான் கத்துனீங்க. பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்துடுச்சு" என்றும் சொல்கிறாள். காது மந்தமானதில் இருந்து என் குரலின் அளவு எனக்கே தெரிவதில்லை. ஆகவே நமக்குக் கடிதம்தான் சரி.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இது. இத்தனை வருடம் தையல் சொல்லிக்கொடுத்த உன்னை, ஆள் இல்லை என்று நாலாம் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். நாற்பது பேரில் பின்வரிசை ஐந்து பேருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்தவன் என்பதால் என்னிடம் வழி கேட்கிறாய். அங்கே என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வளர்ந்தவர்கள், தூங்கினாலும் மரியாதையாகத் தூங்கினார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள். என் குறிப்புகளில் பிழை இருக்கலாம்.

முதலாவது. கேள்வியைக் கேள், பிறகு வாயை மூடிக்கொள். பெயரைக் கடைசியில் சொல். முதலிலேயே பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற முப்பத்தொன்பது பேரும் அந்த நிமிடமே விடுமுறை எடுத்துக்கொள்வார்கள். பெயர் சொன்ன பிறகும் காத்திரு. அந்த மௌனம் உனக்குச் சங்கடமாக இருக்கும். பிள்ளைக்கு அது யோசிக்கும் நேரம்.

இரண்டாவது. கை தூக்கச் சொன்னால் தினமும் அதே சில கைகள்தான் எழும். ஐஸ் குச்சிகளைக் கழுவிக் காயவைத்து, ஆளுக்கொரு பெயர் எழுதி ஒரு டப்பாவில் போடு. பார்க்காமல் ஒன்றை எடு. பதில் வந்ததும் குச்சியை டப்பாவிலேயே திரும்பப் போடு. வெளியே வைத்தால், 'என் பாடு முடிந்தது' என்று பிள்ளை நிம்மதியாகிவிடும். டப்பா உன் மேஜையில், உன் பொறுப்பில் இருக்கட்டும். பிள்ளைகள் கையில் குச்சியைக் கொடுக்காதே. தொலைப்பார்கள், உடைப்பார்கள், காது குடைவார்கள்.

மற்றவை பின்னால். ஏழாவதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியரிடம் கோபப்படாதே. சொன்னதைச் செய். மனத்தில் பட்டதை நேரம் பார்த்து, பணிவாக, எழுத்தில் கொடு. உன் நாக்கு எனக்குத் தெரியும்.

காதுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். அவர் முதுகு அப்படியேதான். நாற்காலியில் இருந்து எழுந்தால் பழைய கதவைத் திறக்கிற சத்தம் வருகிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நாயையும்.

குச்சி வேலை செய்கிறது. முதல் நாளே ஒற்றைச்சடையின் பெயர் வந்தது. அவளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு பக்கம் மட்டும் பின்னிக்கொண்டு வருவாள். அடுத்த பக்கத்தைப் பின்னுவதற்குள் அவள் அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகிவிடும். பின்வரிசை ஐந்து பேரில் ஒருத்தி. கேள்வி கேட்டேன், காத்திருந்தேன். முன்வரிசை பொறுக்குமா? "டீச்சர், அவளுக்குத் தெரியாது டீச்சர்!" என்றது. "அவ யோசிச்சிட்டிருக்கா. நீ உன் வாய்க்குப் பட்டன் போடு" என்றேன். சொன்னாள். பதில் தப்பு. ஆனால் இந்த வருடத்தில் அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கரகரவென்று, பெரிய பெண் குரல் போல இருக்கிறது.

இப்போது இரண்டாம் பக்கம். இதுதான் முக்கியம்.

எங்கள் தலைமையாசிரியருக்கு ஆசிரியர் அறையில் 'சிரிப்பு' என்று பெயர். எதை மறுத்தாலும் சிரித்துக்கொண்டே மறுப்பார். நேற்றுக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏப்ரல்ல மேற்பார்வைக் குழு வருது. தேறாத பசங்கள வகுப்புல வச்சுக்கிட்டு நம்ம பேரைக் கெடுத்துக்க வேணாம். அதுக்குள்ள தேறலன்னா தனிப்பிரிவுக்கு மாத்திடலாம்." தனிப்பிரிவு என்றால் என்ன தெரியுமா? தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் அறை. "அங்க யார் சார் பாடம் எடுப்பாங்க?" என்று கேட்டேன். "வாட்ச்மேன் பாத்துப்பாரு டீச்சர்" என்றார். அதற்கும் சிரிப்பு.

எனக்கு ரத்தம் கொதிக்கிறது, அண்ணா. பழைய பெஞ்சோடு சேர்த்துப் பிள்ளைகளையும் அடுக்கி வைப்பார்களாம்.

அவர் உங்கள் மாணவர். வருடா வருடம் ஆண்டு விழாவுக்கு உங்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்கிறாரே, அதே ஆள். நான் சொன்னால் சிரிப்பார். நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரு வார்த்தை சொல்வீர்களா?

அன்புடன்,
தங்கை


மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். முட்டிவலி மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. உன் கடிதத்தின் முதல் பக்கம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. தப்பான பதிலைக் கொண்டாடத் தெரிந்தவள் பாதி ஆசிரியை ஆகிவிட்டாள்.

மூன்றாவது குறிப்புக்கு வருகிறேன். பலகை வாங்க வேண்டாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வெள்ளை அட்டையைச் செருகிக் கொடு. அதன் மேல் அழியக்கூடிய பேனாவால் எழுதலாம். அழிக்கப் பழைய காலுறை போதும். கேள்வி கேள், எல்லாரும் எழுதட்டும், நீ 'காட்டு' என்றதும் நாற்பது அட்டையும் ஒன்றாக எழ வேண்டும். யாருக்கு விளங்கவில்லை என்பது உனக்கு ஒரே பார்வையில் தெரியும். பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. இது முக்கியம்.

நாலாவது. கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டு. அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் விட்டுவிடு, அவர்கள் முடிக்கட்டும். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படி. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வா. வெற்றுத் தாளைக் கண்டால் மிரளும் பிள்ளை, முக்கால்வாசி முடிந்த கணக்கைக் கண்டு மிரளாது.

இவற்றை நான் சரியாக விளக்கினேனா என்று சந்தேகமாகவே இருக்கிறது. விளங்காத இடத்தை எழுது.

மாப்பிள்ளைக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்கிறாள் அண்ணி.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். ஒத்தடம் கொடுத்தாயிற்று. கதவுச் சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முதல் பக்கம் மகிழ்ச்சி தந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கம் தபாலில் கழன்று விழுந்துவிட்டதா?

காலுறை வந்து சேர்ந்ததும் வகுப்பறையில் மூச்சுவிட முடியவில்லை. ஒருவன் அப்பாவுடையதைத் துவைக்காமலே கொண்டுவந்துவிட்டான். எல்லாவற்றையும் வாளியில் ஊறவைத்து நானே துவைத்தேன். அட்டைகள் நன்றாக வேலை செய்கின்றன. ஐந்து பேரில் மூன்று பேர் இப்போது பக்கத்து அட்டையை எட்டிப் பார்க்காமல் எழுதுகிறார்கள். ஒற்றைச்சடை நேற்று அரைப் பக்கம் வாசித்தாள், நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் நின்று. வாசித்து முடித்ததும் டப்பாவைக் குலுக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் நடையே மாறிவிட்டது.

ஆகவே இந்த ஐந்து பேரும் தேறுவார்கள். ஆனால் ஏப்ரலுக்குள் தேறமாட்டார்கள். இன்னும் ஒரு பருவம் வேண்டும். சிரிப்பிடம் போய்ச் சொன்னேன். பணிவாகத்தான் சொன்னேன், உங்கள் ஏழாவது குறிப்புப்படி எழுத்திலும் கொடுத்தேன். வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். தேநீர்க் கோப்பையை அதன் மேலேயே வைக்கிறார்.

மறுபடி கேட்கிறேன், அண்ணா. அவரோடு பேசுவீர்களா, மாட்டீர்களா?

தங்கை


ஏப்ரல் 4

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். பதில் தாமதமானதற்கு முட்டிவலி காரணம். கையால் எழுதுவதற்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணி கேட்கிறாள்.

ஐந்தாவது குறிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. இருவராக வாசிக்கும்போது நன்றாக வாசிக்கும் பிள்ளை முதலில் வாசிக்கட்டும். அதே பத்தியை மற்றவர் இரண்டாவதாக வாசிக்கட்டும். காதில் ஒரு முறை விழுந்த வாக்கியம் நாக்குக்குச் சுலபம். ஆறாவது, துண்டுச் சீட்டு. வெளியே போகுமுன் ஒவ்வொருவரும் அன்றைய பாடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி உன் கையில் தரட்டும். விளங்கியது, பாதி விளங்கியது, விளங்கவில்லை என்று மூன்று குவியலாகப் பிரி. மூன்றாவது குவியல்தான் உன் மறுநாள் பாடம்.

நீ கேட்ட மற்ற விஷயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதற்கும் ஒரு நேரம் உண்டு. அதுவரை ஏழாவது குறிப்பை மறக்காதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 23

அண்ணா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

செவ்வாய்க்கிழமை மேற்பார்வைக் குழு வந்தது. முந்தின நாள் சிரிப்பு என் வகுப்பு வாசலுக்கு வந்தார். "டீச்சர், உங்க குச்சி டப்பாவைப் பத்தி அவங்ககிட்ட பெருமையா சொல்லியிருக்கேன். அவங்களே எடுத்துப் பாப்பாங்க. அதனால அந்த அஞ்சு பேர் குச்சியை மட்டும் வெளிய எடுத்து வச்சிடுங்க. பசங்க தொட்டி ரூம்ல புத்தகம் அடுக்கட்டும். ஒரே ஒரு நாள்தானே" என்றார்.

கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. கோபப்படாதே, சொன்னதைச் செய், நேரம் வரும் என்று நீங்கள் எழுதியதும் கூடவே வந்தது. விழுங்கினேன். ஐந்து குச்சியையும் எடுத்து என் கைப்பையில் போட்டேன்.

வகுப்பு பிரமாதமாக நடந்தது. குழுத் தலைவர் தன் கையாலேயே குச்சி எடுத்தார். எந்தப் பெயர் வந்தாலும் சரியான பதில். 'காட்டு' என்றதும் அட்டைகள் ஒன்றுபோல எழுந்தன. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்றக் கையால் என் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒற்றைச்சடை வழக்கம்போல டப்பாவை எடுத்தாள். நான் பையிலிருந்து குச்சிகளை இன்னும் எடுக்கவில்லை. மறந்துவிட்டிருந்தேன். அவள் குலுக்கினாள், நிறுத்தினாள், மறுபடி குலுக்கினாள். பிறகு எல்லாவற்றையும் மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தாள். வாசித்தாள், அண்ணா! எழுத்துக் கூட்டாமல், எங்கேயும் நிற்காமல், அத்தனை பெயரையும் வாசித்தாள். நாம் சொல்லிக்கொடுத்த வாசிப்பு அவளுக்கு முதலில் உதவியது அதற்குத்தான்.

"டீச்சர், என் குச்சி காணோம். இவங்க நாலு பேரோடதும் காணோம்."

"கீழ விழுந்திருக்கும், தேடிப் பாரு" என்றேன். பொய் சொன்னேன்.

முன்வரிசையில் ஒன்று எழுந்து, "டீச்சர்தான் நேத்து எடுத்துப் பையில போட்டாங்க. நான் பாத்தேன்" என்றது. நல்ல பிள்ளை அது, உதவி செய்வதாக நினைத்துச் சொன்னது.

ஒற்றைச்சடை என் பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டிய குச்சிகளை டப்பாவில் அள்ளிப் போட்டு, மூடியை மூடி, பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

உங்கள் ஏழாவது குறிப்பின்படி நடந்தேன். இதுதான் நடந்தது.

தங்கை


மே 6

அண்ணா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நானே மறுபடி எழுதுகிறேன்.

மழை விடுமுறைக்கு ஈடாக இந்த வருடம் எங்களுக்கு ஜூலை வரை வகுப்பு உண்டு. ஐந்து பேரையும் தொட்டி அறைக்கு மாற்றிவிட்டார்கள். எதிர்த்துக் கேட்டேன். இந்தத் தடவை பணிவாக இல்லை. சிரிப்பு என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா டீச்சர், அவங்க இல்லாம உங்க வகுப்பு எவ்வளவு நல்லா போச்சு! குழுவே பாராட்டி எழுதிக் கொடுத்துட்டாங்க." நான் பாடம் நடத்தியதையே அந்தப் பிள்ளைகளுக்கு எதிரான சாட்சியாக எடுத்து வைக்கிறார். என் வகுப்பை வைத்தே என்னை அடிக்கிறார்.

முதல் நாள் ஐந்து பேரும் மெதுவாக வெளியே வந்து என் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அதனால் இப்போது வாட்ச்மேன் வெளியே தாழ்ப்பாள் போடுகிறார். மதிய மணிக்குத்தான் திறக்கிறார். அவரைத் திட்டினேன். "எனக்கென்ன ஆசையா டீச்சர்? மேல சொல்றாங்க, செய்யறேன்" என்றார்.

உங்கள் முதல் குறிப்பு: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திரு. பிப்ரவரியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். காத்திருக்கிறேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

தங்கை


மே 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணன் எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். நான் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. உட்கார்ந்து படி.

உன் கடிதங்களையெல்லாம் மடித்துத் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் திணித்து வைத்திருக்கிறார். கண்ணாடி வெளியே கிடக்கிறது. அதைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடுகிறார். உனக்கு எழுத உட்கார்வதும் கிழிப்பதுமாக இருக்கிறார். பலமுறை பேருந்து நிலையம் வரைக்கும் போனார். "பஸ் போயிடுச்சு" என்று திரும்பி வந்தார். உங்கள் ஊருக்கு அரைமணிக்கு ஒரு பஸ்.

நான் கேட்டேன், "என்னதாங்க பயம் உங்களுக்கு? அவன் உங்கள அடிச்சிடுவானா?"

"அதில்ல. என்னை இன்னும் ஐயான்னு கூப்பிடறவன் அவன் ஒருத்தன்தான்."

"நானும்தான் கல்யாணம் ஆனதுலேருந்து ஏங்கன்னு கூப்பிடறேன். அது கணக்கில்லையா?"

காது கேட்காதது போல நடித்தார். எது நிஜச் செவிடு, எது நடிப்புச் செவிடு என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் உன் கடைசிக் கடிதத்தில் தாழ்ப்பாள் என்று வந்த இடத்தை வாசித்ததிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று நம் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடப் போனவர், போடாமல் நின்றுகொண்டே இருந்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவரை நானே பஸ்ஸில் ஏற்றிவிடப் போகிறேன். இறங்குவது அவர் பாடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே; அதற்கும் தெம்பு வேண்டும்.

அண்ணி


மே 28

அன்புள்ள தங்கைக்கு,

சுகம் என்று எழுதுகிறேன்.

சென்ற வியாழக்கிழமை உன் பள்ளிக்கு வந்தேன். வகுப்பு நேரத்தில் உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அவர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க ஐயா! ஒரு ஃபோன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே!"

"ஃபோன்ல எனக்குக் கேக்காதுப்பா. அந்த அஞ்சு பேர் எங்க?"

"எந்த அஞ்சு பேர் ஐயா?"

"டப்பாவில குச்சி இல்லாத அஞ்சு பேர்."

அவர் சிரித்தார். உங்கள் ஆசிரியர் அறை வைத்த பெயர் பொருத்தம்தான். "அது தனிக் கவனம் ஐயா. தனிப்பிரிவு."

"கவனிக்கிறது யாரு?"

"மொதல்ல டீ சாப்பிடுங்க ஐயா."

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அதன் மேல் கோப்பையின் வட்டம் வட்டமான கறை. அதுவரை மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் கலைந்துவிட்டன. ஆனாலும் அடக்கிக்கொண்டு, அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு பருவம் கொடுத்தால் போதும் என்று விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஐயா, மேலிடத்துல தேர்ச்சி விகிதம் கேக்கறாங்க. எனக்கு மட்டும் இதெல்லாம் பிடிச்சா செய்யறேன்? நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, மேல சொன்னா கோபப்படாதே, சொன்னதைச் செய்ன்னு. இன்னிக்கு வரைக்கும் அதை நான் மீறினதில்ல ஐயா."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. ஏதோ சொன்னேன். மெதுவாகத்தான் சொல்லியிருப்பேன். அறைக் கதவு சாத்தியிருந்ததால் வெளியே கேட்டிருக்காது. பிறகு எனக்கு மூச்சு வாங்கியது. வெளியே வந்து, கிடைத்த பேருந்தில் ஏறிவிட்டேன். உன்னைப் பார்க்காமல் வந்ததற்கு மன்னித்துக்கொள். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பலன் ஏதும் இருந்ததா என்று தெரியவில்லை. என்னால் உனக்குத் தொல்லை வந்திருந்தால் எழுது.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நிஜமாகவே சுகம்.

மெதுவாகவா பேசினீர்கள்? தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கேட்டது, அண்ணா! உங்களுக்கு நினைவில்லை என்றால் நான் எழுதுகிறேன், முழுப் பள்ளிக்கும் மனப்பாடம்.

"நான் சொன்னேன்னா சொல்றே? புள்ளைங்கள உள்ள வச்சுத் தாழ்ப்பாள் போடச் சொன்னேனா? எந்தப் பாடத்துல சொன்னேன்? என் பேரை வச்சா கதவைச் சாத்தறே? சிரிக்காதே! எழுந்திருடா! போய்க் கதவைத் திற!"

'எழுந்திருடா' என்றதும் ஏழாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது, யாரோ தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று. அடுத்த வருடச் சேர்க்கைக்காக வராந்தாவில் வரிசையில் நின்ற பெற்றோர்கள், "எந்தக் கதவு? யாரைப் பூட்டி வச்சிருக்காங்க?" என்று வரிசையை விட்டுக் கிளம்பினார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையோடு முன்னால் போனார். சிரிப்பு வேறு வழியில்லாமல் அவர்களோடு தொட்டி அறைக்கு நடந்தார். வாட்ச்மேன் ஒதுங்கி நின்றுகொண்டார். தாழ்ப்பாளைத் தலைமையாசிரியர் தன் கையாலேயே திறந்தார். சிரிப்பு இல்லாமல் அவர் முகத்தை அன்றுதான் பார்த்தோம். வேறு யாரோ போல இருந்தார்.

அதற்குள் உங்களைத் தேடி வாசலுக்கு ஓடினேன். பேருந்தின் பின்பக்கம்தான் தெரிந்தது.

ஐந்து பேரும் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள், பெற்றோர் பார்த்துவிட்டதால் மறுபடி அங்கே அனுப்பத் தலைமையாசிரியருக்குத் துணிச்சல் இல்லை. வெளியாளைத் தூண்டிவிட்டுப் பள்ளி ஒழுங்கைக் குலைத்ததாக எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார். பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை அவர் கண்ணாடிக்கு அடியில் வைக்கமாட்டார். இந்த வகுப்பு முடிந்ததும் என்னை மறுபடி தையலுக்கே அனுப்பப்போவதாகச் சொல்கிறார்கள். அனுப்பட்டும். அதுவரைக்கும் இவர்கள் என்னோடு.

அவர்கள் திரும்பி வந்த அன்று, பையிலிருந்த ஐந்து குச்சியையும் எல்லார் முன்னாலும் எடுத்துக் கொடுத்தேன். "இதை எடுத்தது நான்தான். தேடச் சொன்னதும் பொய்" என்றேன். நாலு பேர் வாங்கி டப்பாவில் போட்டார்கள். ஒற்றைச்சடை போடவில்லை. வாங்கித் தன் சடைக்குள் செருகிக்கொண்டாள். இப்போது காலையில் வந்ததும் சடையிலிருந்து உருவி டப்பாவில் போடுகிறாள், மாலை மணி அடித்ததும் தேடி எடுத்து மறுபடி செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். டப்பாவைக் குலுக்குவதற்கு மட்டும் இன்னும் வரமாட்டேன் என்கிறாள். நானும் கட்டாயப்படுத்தவில்லை. அவள் பேர் வந்தால் பதில் சொல்கிறாள். என்னைப் பார்க்காமல், கரும்பலகையைப் பார்த்துச் சொல்கிறாள்.

பிள்ளைகள் கையில் குச்சியைக் கொடுக்காதே என்று உங்கள் இரண்டாவது குறிப்பில் இருக்கிறது. நான் அவளிடமிருந்து அதை வாங்கி வைக்க வேண்டுமா?

ஏழாவதைப் பற்றி நான் கேட்கவில்லை.

அண்ணியை அணைத்துக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கை


ஜூன் 16

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். முட்டி பரவாயில்லை. நான் அவ்வளவு சத்தமாகப் பேசினேன் என்பதை நம்ப முடியவில்லை. அண்ணி அந்தப் பகுதியை என்னை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள், அவளுக்குக் கேட்கவில்லையாம். அவள் காதில் எந்தக் கோளாறும் இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். குச்சியை வாங்காதே. அவளிடமே இருக்கட்டும். இரண்டாவது குறிப்பைப் பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் தொலைப்பார்கள் என்பதை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. இவள் தொலைக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். தொலைத்தாலும் புதிதாக ஒன்று எழுதிக் கொடு. டப்பாவைக் குலுக்க அவளைக் கூப்பிடாதே. மூடியைத் திறந்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நீ கரும்பலகையில் எழுதிக்கொண்டிரு. வராமலும் போகலாம். அப்படியானால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

உன்னைத் தையலுக்கு அனுப்பப்போகிறார்கள் என்பதைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. இந்த வயதில் இதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நடக்கும்போது வேகமாக நடக்கிறேன். தபால்காரரிடம் கூடக் கடுமையாகப் பேசிவிட்டேன், பாவம். ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தால் கிழித்துப்போடுவதாக அண்ணி காத்திருக்கிறாள். வரவில்லை. அதில் அவளுக்குத்தான் ஏமாற்றம்.

மாப்பிள்ளையின் முதுகு எப்படி? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்

பி.கு. பிப்ரவரியில் நான் எழுதிய முதல் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்து, பட்டியலில் ஏழாவதை அடித்துவிடு. பென்சில் வேண்டாம், பேனாவால் அடி. அந்த இடத்தில் வேறு எதையும் எழுத வேண்டாம். அந்த ஏழாவது குறிப்பு தவறு.